ஊதினா ஓடுற கேசட்: பரணில் கிடக்கும் டிவி கேம் இன்னும் வேலை செய்யுமா?

பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது உறையூர் வீடுகளிலும் ஒரு அட்டைப்பெட்டி சிக்கும். உள்ளே மஞ்சள் கேசட், ரெண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி. 90ஸ் கிட்ஸ் உடனே கேட்பது ஒன்றுதான்: "இது இப்பவும் ஓடுமா?"

இது என்ன கருவி?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட 8 பிட் 'ஃபேமிகாம்' கருவியின் நகல். இந்தியாவில் சாமுராய், டெர்மினேட்டர் எனப் பல பெயர்களில் விற்பனையானது. நம்ம ஊரில் எல்லாமே 'டிவி கேம்'தான். 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்துக்குப் பிறகு, டிவி இல்லாத வீடுகளுக்கும் இந்த விளையாட்டு எட்டியது.

99,99,999 கேம் இருந்ததா?

இல்லை. மரியோ, கான்ட்ரா போன்ற சில கேம்களே திரும்பத் திரும்ப வரும். தொடங்கும் லெவலை மட்டும் மாற்றி புது கேம் மாதிரி காட்டுவார்கள். பெரும்பாலான கேம்களில் சேவ் வசதியும் கிடையாது. கரண்ட் போனால் முதலில் இருந்துதான்!

ஊதினால் ஏன் ஓடியது?

ஊதியதால் அல்ல. கழற்றி மாட்டும்போது பின்கள் சரியாகத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். மூச்சுக்காற்றின் ஈரம் பின்களை அரிக்கவே செய்யும்.

துப்பாக்கி புது டிவியில் ஏன் சுடாது?

டிரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த ஒளியைத் துப்பாக்கி உடனே பிடிக்க வேண்டும். எல்.இ.டி. டிவி படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால் குறி தப்பிவிடும். டியூப் டிவி இருந்தால் மட்டுமே வாத்து விழும்.

எது பெஸ்ட்?

தம்பிகளைக் கேட்டால் 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 என்பார்கள். உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. ஆனால் சிறுவயதிலும் இளமையிலும் பதிந்த நினைவுகளே அழுத்தமாக நிற்கும் என்கிறது உளவியல். அதனால் அவரவர் விளையாடியதே அவரவருக்கு பெஸ்ட்.

இப்போது என்ன செய்யலாம்?

அடாப்டர் வயர் விரிசல் விட்டிருந்தால் பிளக்கில் சொருகாதீங்க. பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்க. ஏ.வி. வயர் இருந்தால் புது டிவியிலும் கன்வெர்ட்டர் வழியாக இணைக்கலாம். டியூப் டிவியை உடைக்காதீங்க. அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

மரியோ மறுபடி ஓடுவார். ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்க, வெளியூரில் இருக்கும் அண்ணனையோ தங்கச்சியையோதான் கூப்பிடணும்.