உள்ளூர்க் கடிதமா, வெளியூர்க் கடிதமா?

தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளூர்க் கடிதங்கள் தபால்காரரிடம் போகின்றன. மற்றவை பையில் கட்டப்பட்டு வெளியூருக்குப் புறப்படுகின்றன. மின்னஞ்சலைக் கையாளும் கணிப்பொறிக்கு அஞ்சல் சர்வர் என்று பெயர். அது செய்வதும் இதே வேலைதான்.

மின்னஞ்சல் முகவரியின் நடுவில் @ என்ற குறி இருக்கும். 1971ஆம் ஆண்டில் இதைப் புகுத்தியவர் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். குறிக்கு முன்னால் ஆளின் பெயர்; பின்னால், ஊர்ப்பெயர் போன்ற ‘டொமைன்’. சர்வர் முதலில் டொமைனைத்தான் பார்க்கிறது. அது தன் பட்டியலில் இருந்தால், அனுப்பியவர் யாராயினும் கடிதத்தை ஏற்று, உரியவரின் பெட்டியில் சேர்க்கிறது. இது உள்ளூர் வழங்கல்.

பட்டியலில் இல்லாவிட்டால், அந்த டொமைனுக்குரிய வேறொரு சர்வரிடம் கடிதத்தைக் கைமாற்ற வேண்டும். இதற்கு ‘ரிலே’ என்று பெயர். விளையாட்டு விழாவின் அஞ்சலோட்டத்தில் குச்சி கைமாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யார் கொடுத்தாலும் இப்படிக் கைமாற்றலாமா? மின்னஞ்சலுக்குத் தபால்தலை கிடையாதே! தொடக்க காலச் சர்வர்கள் பல, கேள்வி கேட்காமல் எல்லோருக்கும் உதவின. 1990களில் விளம்பரக்காரர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டு, பிறருடைய சர்வர்கள் வழியாகக் குப்பை அஞ்சல்களைக் கொட்டினார்கள். பழியோ சர்வரின் மேல் விழுந்தது. அதன் முகவரி தடைப்பட்டியலில் ஏறியது. அங்கிருந்து வந்த நல்ல கடிதங்களையும் பிற சர்வர்கள் மறுத்தன. எனவே, 1998இல் வெளிவந்த ‘சென்ட்மெயில் 8.9’ என்ற மென்பொருள், வெளியாருக்கான ரிலேயைத் தொடக்கத்திலேயே மூடி வைத்தது.

ஆகவே, வெளியூர்க் கடிதமாயின் சர்வர் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: கொடுப்பவர் நம்மவரா? நம் வலையமைப்பிலுள்ள கணிப்பொறி, அல்லது கடவுச்சொல் தந்தவர் என்றால் அனுப்பலாம். மற்றவர்களுக்கு அனுமதி இல்லை.

‘போஸ்ட்ஃபிக்ஸ்’ என்ற மென்பொருளில் உள்ளூர் டொமைன்களை ‘மைடெஸ்டினேஷன்’ என்ற வரியிலும், நம்பத்தக்க கணிப்பொறிகளை ‘மைநெட்வொர்க்ஸ்’ என்ற வரியிலும் எழுதுகிறார்கள். ஒரு கல்லூரியின் சர்வரில் முதல் வரியில் கல்லூரியின் டொமைன் விடுபட்டால் என்ன ஆகும்? மாணவருக்கு வெளியிலிருந்து வரும் கடிதத்தைச் சர்வர் வெளியூர்க் கடிதமென்று எண்ணும். கொடுப்பவரும் நம்மவர் அல்லர். எனவே ஏற்க மறுக்கும். இரண்டாவது வரியில் உலகம் முழுவதையும் சேர்த்துவிட்டாலோ, குப்பை அஞ்சல்காரர்களுக்குக் கதவு திறந்துவிடும்.

வரும் கடிதம் யாரிடமிருந்தும் வரலாம். போகும் கடிதம் நம்மவருடையதாக இருக்க வேண்டும். அஞ்சல் சர்வரின் ஒழுங்கு இவ்வளவே.