எனக்கென்று ஒரு டம்ளர் டீ

நம் வீடுகளில் டீ போடுவதும் நாம்தான், கடைசியாகக் குடிப்பதும் நாம்தான். வீட்டுக்காரருக்கு ஒன்று, மாமியாருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று, பிள்ளைகளுக்குப் பால். அதற்குள் குக்கர் விசில், டிபன் பாக்ஸ், "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" நம்ம டம்ளர் மேடையிலேயே ஆடை படிந்து கிடக்கும். நின்றபடியே ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுத் துணி ஊற வைக்கப் போவோம். ஆண்களுக்காவது டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பேப்பர் பார்த்து, நாலு பேரோடு ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறார்கள். நமக்கு ஏது பெஞ்சு?

மூன்று வருடமாக, மாலை நாலு மணி டீயை மட்டும் நான் உட்கார்ந்துதான் குடிக்கிறேன். யோசனை சொன்னது யார் தெரியுமா? என் மாமியார்! "தேத்தண்ணிய நின்னுகிட்டுக் குடிச்சா ஒடம்புல ஒட்டாது புள்ள, இப்படி உக்காரு" என்று ஒருநாள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

அவர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி, 1970-களில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கிய குடும்பம். பிறகு கூடலூர் அருகே சேரம்பாடியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. மழையில் அட்டைக்கடி வாங்கிக் கொண்டு இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். போத்தலில் கொண்டு போன தேத்தண்ணி மதியத்துக்குள் ஆறிப் போயிருக்குமாம். அதையும் நின்றுகொண்டே குடிப்பார்களாம். பாலெல்லாம் கிடையாது. ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக் கொண்டு ஒரு மடக்கு!

டீ போடும் பக்குவமும் அவர் சொல்லித் தந்ததுதான். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்ததும் ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் தூள் போட்டு, அடுப்பை அணைத்து மூடி விடுங்கள். டஸ்ட் தூளுக்கு மூன்று நிமிடம், இலைத் தூளுக்கு ஐந்து நிமிடம். பிறகு வடிகட்டித் தனியாகக் காய்ச்சிய பாலைச் சேருங்கள். தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க விட்டால் துவர்ப்புதான் ஏறும், மணம் போய்விடும். இஞ்சி டீ என்றால் இஞ்சியைத் தண்ணீரிலேயே தட்டிப் போட்டுக் கொதிக்க விட வேண்டும், பச்சையாகப் பாலில் போட்டால் திரிந்து விடும். தூள் டப்பாவைப் பெருங்காயம், மசாலாப் பக்கம் வைக்காதீர்கள். பக்கத்து வாசனையை அப்படியே இழுத்துக் கொள்ளும்.

இன்னொன்று, டாக்டரம்மா எனக்குச் சொன்னது. நம்மில் நிறையப் பேருக்கு ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராதாம். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. நாலு மணி எனக்கு வசதியாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் இரண்டு மாதம் நாங்கள் பேசியதெல்லாம் பால் விலையும் மூட்டு வலியும்தான். மூன்றாவது மாதம் ஒருநாள் டம்ளரைக் கையில் உருட்டிக் கொண்டே, "எங்கக்கா அங்கேயே நின்னுட்டா" என்றார். அக்கா குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை, இவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு தேசமாகி விட்டார்கள். கொஞ்ச காலம் கடிதம் வந்ததாம், பிறகு நின்று போனதாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. என் வீட்டுக்காரருக்கே பாதிதான் தெரியும்.

அப்புறம் விடுவோமா? சேரம்பாடியில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர், அவருக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று தேடி, எட்டு மாதத்தில் அக்கா மகளின் போன் நம்பர் கிடைத்தது. பெரியம்மா உயிரோடு இருக்கிறார், காதுதான் மந்தம்! முதல் நாள் இரண்டு பேரும் பேசவே இல்லை, அழுகைதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ கால். இலங்கையிலும் நம்ம நேரம்தான், அங்கேயும் அப்போது நாலு மணி. "தேத்தண்ணி குடிச்சியா?" என்று கத்திக் கேட்டுக் கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குப் போன் என் கைக்கு வராது. நான் என் டம்ளரை எடுத்துக் கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவேன்.

- ஒரு வாசகி, கோவை.