லோடு வண்டிக்கு இழுவை பத்தலையா? "சிப்" போடும் முன் பில்டரைப் பாருங்கள்!

சென்னை,

விடியற்காலை நேரம். கோயம்பேடு மார்க்கெட்டில் இருந்து தக்காளிப் பெட்டியும் வெங்காய மூட்டையும் ஏற்றிய லோடு வண்டிகள் வரிசையாக வெளியே வருகின்றன.

கடை திறப்பதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். தாமதமானால் கடைக்காரர் முகம் சுளிப்பார். அடுத்த நாள் வாடகை வேறு வண்டிக்குப் போய்விடும்.

இந்த அவசரத்தில் வண்டி கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏற முடியாமல் முக்கினால் டிரைவருக்கு எப்படி இருக்கும்?

"வண்டியிலே இழுவையே இல்லேண்ணே. ஏதாவது பண்ணி விடுங்க!" என்று நேராக மெக்கானிக்கிடம்தான் ஓடுவார்.

அங்கே நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "சிப் போடு" என்பார் ஒருவர். "பம்பை ஏத்து" என்பார் இன்னொருவர். "சைலன்சரை மாத்துப்பா, பிச்சுக்கிட்டுப் போகும்" என்பார் மூன்றாமவர்.

மாதத் தவணை கட்டும் வண்டிக்காரருக்கு இது விளையாட்டு அல்ல. முதல் செலவை எதில் போடுவது?

படுத்த குதிரை

2005-ம் ஆண்டு டாட்டா ஏஸ் வந்தபோது, ஜனங்கள் அதற்கு "குட்டி யானை" என்று பெயர் வைத்தார்கள். அதன் முதல் என்ஜின் 702 சி.சி. இரண்டே சிலிண்டர். சக்தி 16 குதிரை. சுமக்க வேண்டிய பாரம் முக்கால் டன்.

பதினாறில் மூன்று குதிரை படுத்துக் கொண்டால் என்ன ஆகும்? காரில் அது தெரியாது. குட்டி யானையில் மேடு ஏறும்போது உடனே தெரிந்துவிடும்.

அதனால் புதுக் குதிரை வாங்குவதற்கு முன், படுத்த குதிரையை எழுப்ப வேண்டும். அதுதான் முதல் வேலை. செலவும் அதில்தான் குறைவு.

மூச்சு விடட்டும்

டீசல் எரிய காற்று வேண்டும். ஏர் பில்டரில் தூசி அடைத்தால் காற்று குறையும். டீசல் அரைகுறையாக எரியும். கரும்புகை வரும். இழுவை போகும்.

"தட்டிட்டுப் போட்டுடு" என்று பழைய பில்டரையே மாட்டுவது சிக்கனம் அல்ல. தட்டும்போது காகிதம் கிழிந்தால் தூசி நேராக என்ஜினுக்குள் போகும்.

அடுத்தது டீசல் பில்டர். அதில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும்.

டர்போ உள்ள பிக்-அப் என்றால் டர்போவில் இருந்து போகும் ரப்பர் ஓஸ்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன வெடிப்பு போதும். காற்று அந்த வழியே வெளியேறிவிடும். மிதிக்கும்போது "உஸ்" என்று சத்தம், பின்னால் கரும்புகை. இதுதான் அடையாளம். கிளாம்ப் முறுக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

என்ஜின் மீது பழி

சில நேரம் என்ஜின் நன்றாகத்தான் இருக்கும். குற்றம் வேறு இடத்தில்.

என்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக் கொண்டிருக்கிறது. டயரில் காற்று குறைந்தாலும் வண்டி கனக்கும்.

"கெத்தா இருக்கும்" என்று பெரிய டயர் மாட்டுகிறவர்களும் உண்டு. சக்கரம் பெரிதானால் இழுவை இன்னும் குறையும். இது பலருக்குத் தெரிவதில்லை.

சிப் என்ன செய்யும்?

இப்போதைய வண்டிகளில் எவ்வளவு டீசல், எந்த நொடியில், எவ்வளவு டர்போ அழுத்தம் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது. அந்தக் கணக்கை மாற்றுவதுதான் சிப் வேலை. டர்போ உள்ள வண்டியில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். டர்போ இல்லாத சிறு என்ஜினில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

பழைய வண்டியில் பம்பு ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டுவார்கள். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் புகைதான் மிச்சம். எப்.சி.க்குப் போகும்போது அந்தப் புகையே காட்டிக் கொடுத்துவிடும்.

கூடுதல் சக்தி சும்மா வராது. சூடு கூடும். கிளட்ச், டர்போ, கியர் பாக்ஸ் எல்லாம் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் பாகங்கள் அதிகம். அவை கெட்டால் பர்ஸ் காலி!

சட்டம் சும்மா இருக்காது

கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றினால், 2019-ம் ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் வில்லங்கம் வரும்.

"இழுவை ஏறிடுச்சே, நாலு மூட்டை கூடப் போடு" என்ற ஆசை அதைவிட ஆபத்து. அதிக பாரத்துக்கு 20 ஆயிரம் ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம்.

அபராதத்தையாவது கட்டிவிடலாம். சிப் என்ஜினுக்குத்தான் பலம் கொடுக்கும்; பிரேக்குக்குக் கொடுக்காது. மேம்பாலத்தில் ஜோராக ஏறிய வண்டி மறுபக்கம் இறங்க வேண்டுமே! கீழே சிக்னலில் ஸ்கூட்டரில் குழந்தையோடு ஒருவர் நிற்பாரே!

ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள். அதே பாரம், அதே பாலம், அதே கியரில் ஏற்றிப் பாருங்கள். டாங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி மைலேஜ் கணக்கு எழுதுங்கள்.

முதலில் ஏர் பில்டர், டீசல் பில்டர், ஓஸ். பிறகு கிளட்ச், பிரேக், டயர். அதன் பின்பும் பத்தவில்லை என்றால், சுமைக்கு வண்டி சின்னது என்று அர்த்தம். என்ஜினை நோண்டுவதைவிட இரண்டு நடை அடிப்பது மேல்.

குட்டி யானை குட்டி யானைதான். அதன் முதுகில் பெரிய யானையின் பாரத்தை ஏற்றினால், எந்தச் சிப்பும் காப்பாற்றாது!