ஒரு பகற்பொழுதில் நெடுந்தீவு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளுள், கரையை விட்டு மிகவும் விலகிப் பாக்கு நீரிணையிலே தனித்து நிற்பது நெடுந்தீவு. ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமும் சில ஆயிரம் குடிகளும் உள்ள இத்தீவின் வனப்பைக் கேள்வியுற்று, 2009ஆம் ஆண்டில் யுத்தம் ஓய்ந்த பின்னர், தென்னிலங்கையிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் பிரயாணிகள் வந்தவண்ணம் இருக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் தங்கியிருக்கும் இவர்கள் முதலில் விசாரிப்பது, காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்புவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். சொற்பமே ஆகும் என்பது விடை. அதற்கு மேலும் ஒன்று சொல்வேன்: தனிப்படகும் தனி வாகனமும் அமர்த்திக்கொண்டு போகும் தனவந்தனைவிட, ஊர்ச்சனங்களோடு பஸ்ஸிலும் பொதுப்படகிலும் இடித்துப் பிடித்துப் போகிறவனே இத்தீவை உள்ளபடி காண்கிறான்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அதிகாலையிலேயே பஸ் உண்டு. பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையின் பனங்கூடல்களையும் தோட்டங்களையும் பின்னிட்டு, புங்குடுதீவை நோக்கிச் செல்லும் நீண்ட கடற்பாலத்தின் மீது பஸ் ஏறியதும், சன்னலோரத்தில் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. இருபுறமும் முழங்காலளவு ஆழமே உள்ள பரவைக்கடல். அதிலே வரிசை வரிசையாகக் கம்புகளை நட்டு, வலையைக் கட்டி, வற்றும் நீரோடு ஓடும் மீனை மடக்குகின்ற தொழிலாளர். மாரிகாலமாயின் அவர்களுக்குச் சற்று அப்பால் ஒற்றைக்காலில் நிற்கும் நீர்ப்பறவைகள். இக்காட்சியைக் காண்பதற்கென்றே ஒரு நாளைச் செலவிடலாம். பஸ் கட்டணத்தைத் தவிர வேறொன்றும் இதற்குக் கேட்கப்படுவதில்லை.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குக் கடல்வழி ஏறத்தாழ ஒரு மணி நேரம். வடதாரகை, குமுதினி என்னும் படகுகளின் பெயர்கள் இக்கரையில் குழந்தைகளுக்கும் தெரியும். கடலும் காற்றும் இடங்கொடுப்பதைப் பொறுத்துப் படகின் நேரமும் மாறுமாதலால், முதல்நாளே துறையில் போக்குவரத்துள்ள ஒருவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது உத்தமம். காலைப் படகைத் தவறவிட்டவனுக்கு அன்றைய யாத்திரை அநேகமாக முடிந்தது என்றே கொள்ள வேண்டும்.

படகில் ஏறும்போது ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். இது உல்லாசப் பிரயாணிகளுக்கென்று விடப்பட்ட படகன்று. தீவுப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியர், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நோயாளி, பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரும் பாட்டி, அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், சீமெந்து, கயிற்றால் இறுகக் கட்டப்பட்ட துவிச்சக்கர வண்டி ஆகிய யாவும் இதிலேதான் போயாக வேண்டும். தீவு மக்கள் ஏறி அமர்ந்த பின்னரே நாம் ஏறுவது முறை. அவ்வாறு ஒதுங்கி நின்ற என்னை ஒருமுறை வயோதிபர் ஒருவர் கையசைத்து அழைத்து, "தம்பி, அந்தப் பக்கம் இருக்காதேங்கோ, சோளகம் பேர்ந்தால் அந்தப் பக்கம்தான் தண்ணி அடிக்கும், இஞ்சால வாங்கோ" என்று தம் அருகே இடம் விட்டார். சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்துப் பலகையில் இருந்தவர்கள் உப்புநீரில் நனைந்ததைக் கண்டபோது, காசு கொடுத்து அமர்த்தும் வழிகாட்டியிடம் கிடைக்காத ஞானம் அவரிடம் இருந்ததை உணர்ந்தேன்.

வைகாசி தொடங்கி வீசும் அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். தீவும் காய்ந்து கருகிக் கிடக்கும். மாரிமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே செல்வதற்கு உகந்தவை. அப்போது புல்வெளிகள் பசுமை கொண்டு, குளங்களிலும் தண்ணீர் நிற்கும்.

இக்கடலின் அழகைப் பேசுகிறவன் 1985ஆம் ஆண்டு மே 15ஆந் தேதியைச் சொல்லாமல் விடுவது தர்மமன்று. மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பிரயாணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு நெடுந்தீவிலே நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில் ஊரார் கூடி அஞ்சலி செய்கின்றனர். துறையில் இறங்கும் விருந்தாளி அங்கே சிறிது நின்று செல்வது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

தீவில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நான்கு பேராகச் சேர்ந்து, எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் துறைக்குத் திரும்புவது என்பவற்றைப் பேசி, கூலியையும் முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டால், செலவு நான்காகப் பங்கிடப்பட்டு இலகுவாகும். ஆயினும், பார்க்க வேண்டியவை என்று பட்டியல் போட்டவற்றையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்துத் தீர்க்கும் ஆசையை நான் ஆதரிப்பவனல்லன். பிற்பகற் படகுக்கு முன் கையிலுள்ளவை நான்கைந்து மணித்தியாலங்களே. ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்லப்படும் புறாக்கூட்டுக் கோபுரம், அதற்கு அண்மையில் இடிந்து கிடக்கும் கோட்டை, வளருகின்ற கல் என்று ஊரார் பூசிக்கும் பாறை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு நகரலாம். நின்று பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவதாக, வேலிகள். குடாநாட்டில் கிடுகாலும் பனையோலையாலும் அடைக்கப்படும் வேலிக்குப் பதிலாக, இங்கே முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதில் எழுப்பியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. ஒரு கல்லின் மேடு மறு கல்லின் பள்ளத்திலே பொருந்தும்படி தேர்ந்தெடுத்து வைத்த கைத்திறன் ஒன்றே அதைத் தாங்குகிறது. அருகே குனிந்து நோக்கினால், எக்காலத்திலோ கடலடியில் உயிரோடிருந்த பவளப் பூச்சிகளின் சிற்றறைகள் நட்சத்திர நட்சத்திரமாகக் கல்முழுதும் பதிந்திருப்பதையும், இடைக்கிடையே சிப்பியொன்று சிக்கிக் கிடப்பதையும் காணலாம். கற்களுக்கிடையே உள்ள துவாரங்களினூடாகக் கடற்காற்று நுழைந்து அப்பாற் போய்விடுகிறது. இம்மதில்களிலிருந்து ஒரு துண்டையேனும் ஞாபகார்த்தமாக எடுத்துவருவது பெரும் பிழையாகும்.

இரண்டாவதாக, குதிரைகள். போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டவை என்றும், ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கினர் என்றும் சொல்லப்படும் இவற்றை, ஆங்கிலேயர் ஆட்சியின் ஆரம்பத்தில் நோலன் என்னும் அதிகாரி சிரத்தையோடு வளர்ப்பித்தார். அன்றைய லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. எஜமானர்கள் மறைந்தபின், கடிவாளமும் சேணமும் அறியாத சந்ததிகள் தீவின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள வெட்டவெளிகளிலே மந்தை மந்தையாகத் திரிகின்றன. உயரம் குறைந்தவையாயினும் கட்டான உடல்வாகுடையவை. மனிதரைக் கண்டால் தலைநிமிர்ந்து ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடியும் புல்லில் வாய்வைக்கும். கடும் வரட்சி வந்தால் நீரின்றி இவை மடிந்து விழுவதுமுண்டு. 2015ஆம் ஆண்டிலே தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இக்குதிரைகளைப் பேணுவதற்கு நிலத்தோடு நீரும் வேண்டும் என்பதை அதிகாரிகள் மறவாதிருக்கக் கடவர்.

மூன்றாவதாக, பெருக்க மரம். ஆபிரிக்காவைத் தாயகமாகவுடைய இம்மரத்தை அராபிய வர்த்தகர் கொண்டுவந்தனர் என்பது பரம்பரைச் செய்தி. மன்னாரிலும் இவ்வினம் உண்டு. நெடுந்தீவு மரத்தின் அடிப்புறம் குடைந்து அறைபோல் இருப்பதால், உள்ளே புகுந்து நிற்கலாம். வெளியே வெயில் தகிக்கும் நேரத்திலும் உட்சுவர் கைக்குக் குளிர்ச்சியாக இருப்பது வியப்பைத் தரும். அதன் மெத்தென்ற பட்டையில் கத்தியால் தம் பெயரைக் கீறிச் சென்ற மனிதரை எண்ணும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஆறோ மலையோ இல்லாத சுண்ணக்கல் தீவு இது. பெய்யும் மழை கல்லிடுக்குகளிலும் மணலிலும் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல், அதைவிட இலேசானது என்ற காரணத்தால், மெல்லிய ஏடாகத் தங்குகிறது. கிணறுகளில் மொள்ளப்படுவது இந்த ஏடுதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிக் கிணறு உவராகிவிடும்; பின்னர் அது தெளிய மறுமாரியை நோக்கியிருக்க வேண்டும். ஆதலால், வருகிறவர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய குடிநீரைக் குறிகட்டுவானுக்கு முன்பே வாங்கிச் சுமந்து வருவது, தம் பணத்தை மட்டுமன்றித் தீவாரின் கிணற்றையும் காப்பதாகும். வெறும் போத்தல்களைத் திருப்பி எடுத்துச் செல்வதும் அவரவர் கடமை. மதிய உணவுக்குத் துறைக்கு அருகே சிறு கடைகள் உண்டு. முதலிலேயே சொல்லி வைத்தால் சோறும் மீன்குழம்பும் கிடைக்கும். மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கை இக்கடைகளில் செலவிடுவது நியாயம் என்பது என் அபிப்பிராயம். படகுக்கும் பஸ்ஸுக்கும் கொடுப்பதோடு தீவாருக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடாது அல்லவா?

திரும்பும் படகுக்கு அரைமணி நேரம் முன்னதாகவே மாவிலித்துறைக்கு வந்துவிட வேண்டும். படகு திரும்பி வந்து சேரும் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு என்னும் மற்றொரு தீவு கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிற் கோபுரமும் தெரியும். இரண்டு தீவுகளையும் ஒரே நாளிற் பார்த்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதை ஏற்க வேண்டாம். அம்மனைத் தரிசிக்க மற்றொரு நாள் காலையில், அதே பஸ்ஸில், அதே சொற்பக் கட்டணத்தில் வரலாம்.