பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை இறக்கும் முன்

ஆனி மழைக்கு முன் குடோன் கூரையை மாற்றுவது நம் மலையில் வழக்கம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைத்துப் பள்ளத்தில் கொட்டுவதும் வழக்கமே. குன்னூரில் நானும் அப்படிச் செய்தவன்தான். உடைத்த தூசு அரிசி மூட்டைகளின் மேல் படிந்தது. தட்டிவிட்டு வியாபாரம் செய்தேன்.

உடையாத ஷீட்டால் ஆபத்து குறைவு. உடைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது நுரையீரலில் தங்கி, 20, 30 ஆண்டு கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதை நினைவில் கொள்க.

முதலில் சரக்கை அப்புறப்படுத்துங்கள். ஷீட்டை நன்றாக நனைத்து, துருப்பிடித்த போல்ட்டை மட்டும் வெட்டி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். ஈர ஷீட் வழுக்கும். மேலே ஏறி நிற்காமல் சாரம் கட்டுவதே நல்லது. ஆட்களுக்குக் கைக்குட்டை போதாது, நுண்தூசு முகமூடி வேண்டும். கூலி கூடத்தான் செய்யும். விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துண்டுகளைத் தடித்த பாலிதீனில் சுற்றிக் கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு ஒப்படைக்கலாம். மாட்டுக்கொட்டகைக்கு என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள்.