கடலில் இருந்தவரை பத்திரம், கரைக்கு வந்தால் ஆபத்து!

மாணவர்களே, மெர்சிங் படகுத்துறையில் இருந்து தியோமான் தீவுக்குப் போயிருக்கிறீர்களா? அந்தப் பக்கத்துக் கடலில் ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் ஒரு கப்பல் மூழ்கியது. அதன் பெயர் ரிஸ்டாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குக் கப்பல் அது. சயாம் நாட்டின் அயுத்தியாவில் இருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போகும் வழியில், 1727-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது நம் ஜொகூர் கரைக்கு அருகே முடிந்துபோனது. வெள்ளீயக் கட்டிகள், யானைத் தந்தங்கள், சிவப்புச் சாயம் எடுக்கும் மரக்கட்டைகள் எல்லாம் அதில் இருந்தன.

1980-களின் நடுப்பகுதியில் நமது தேசிய அருங்காட்சியகம், மேற்கு ஆஸ்திரேலியக் கடல்சார் அருங்காட்சியகத்துடன் சேர்ந்து அந்த இடத்தை ஆய்வு செய்தது. நம் கடலில் கிடக்கும் கப்பலுக்கு ஆஸ்திரேலியர்களின் துணை எதற்கு? நம்மிடம் முக்குளிப்பவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். ஆனால், கடலுக்குள் இறங்கிப் பொருளை எடுத்து வருவது பாதி வேலைதான். மீதிப் பாதி கரையில் தொடங்குகிறது. அது அறிவியல் வேலை.

உப்பு செய்யும் வேலை

கடலடி மணலில் புதைந்த பொருளுக்கு ஆக்சிஜன் அதிகம் கிடைப்பதில்லை. அதனால் அது மிக மெதுவாகவே கெடும். வெளியே எடுத்த நிமிடத்தில் இருந்து நிலைமை மாறிவிடுகிறது.

முதலில் மண்பாண்டத்தைப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பல நூறு ஆண்டுகள் கடலில் கிடந்த ஜாடியின் நுண்துளைகள் முழுவதும் இந்த உப்புநீர் நிரம்பியிருக்கும். அதை வெயிலில் வைத்தால் நீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே படிகமாக வளரும். வளரும் படிகம் சுவரை நெருக்கும். மேற்பூச்சு செதில் செதிலாகக் கழன்று விழும்.

மரத்தின் கதை வேறு. அதன் செல் சுவர்களை நுண்ணுயிரிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். உள்ளே நிரம்பிய நீர்தான் அந்த மரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். உலர்ந்தால் செல்கள் நசுங்கி, பலகை சுருங்கி வெடிக்கும். ஆகவே நீருக்குப் பதிலாக, பாலி எத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருளைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்துவார்கள். ரிஸ்டாம் ஆய்வுக்குத் துணைநின்ற அதே ஆஸ்திரேலிய அருங்காட்சியகம், 1629-இல் மூழ்கிய பத்தாவியா என்ற கப்பலின் மரப்பகுதிகளை இந்த முறையில்தான் காப்பாற்றி, ஃபிரிமாண்டல் நகரில் காட்சிக்கு வைத்திருக்கிறது.

இரும்புப் பீரங்கிக்குள் குளோரைடு அயனிகள் புகுந்திருக்கும். காற்று பட்டால் துரு வேகம் எடுக்கும். இதற்கு மருந்து, நீங்கள் வேதியியல் பாடத்தில் படிக்கும் மின்பகுப்புதான். பீரங்கியைக் காரக் கரைசலில் வைத்து, எதிர்மின்வாயாக இணைத்து, குறைந்த மின்சாரம் செலுத்துவார்கள். எதிர் மின்னேற்றம் கொண்ட குளோரைடு அயனிகள் நேர்மின்வாயை நோக்கி மெல்ல வெளியேறும். பெரிய பீரங்கிக்கு இது ஆண்டுக்கணக்கில் பிடிக்கும்.

இந்த வேலையைச் செய்பவர்களைப் பாதுகாப்பு வல்லுநர்கள் என்கிறோம். வேதியியல், உயிரியல், வரலாறு, கைத்திறன் நான்கும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். புத்தகம் படித்து மட்டும் இது வராது. அனுபவசாலியின் பக்கத்தில் நின்று, கைபழக வேண்டும். அத்தகைய அனுபவசாலிகள் உலகில் குறைவு. ஆகவேதான் நாடுகள் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுக்கின்றன.

காலி சொல்லும் பாடம்

அந்தக் கற்பித்தலின் மதிப்பை அறிய, இலங்கையின் காலி துறைமுகத்துக்குப் போவோம். 1659-இல் அங்கே அவொண்ட்ஸ்டெர் என்ற டச்சுக் கப்பல் நங்கூரம் நழுவியதால் கரையை நோக்கி இழுபட்டு மூழ்கியது. 2001 முதல் 2004 வரை இலங்கை, நெதர்லாந்து, ஆஸ்திரேலிய வல்லுநர்கள் சேர்ந்து அதை அகழ்ந்தார்கள். பொருள்களை எடுப்பது மட்டும் அத்திட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை. இலங்கை இளைஞர்களுக்கு முக்குளிப்பு, அளவெடுப்பு, வரைபடம், பாதுகாப்பு வேதியியல் ஆகியவற்றைக் கற்றுத் தருவதும் திட்டத்திலேயே இருந்தது. அப்படி உருவானதுதான் இலங்கையின் கடல்சார் தொல்லியல் பிரிவு.

2004 டிசம்பர் 26. சுனாமி காலியைத் தாக்கியது. அந்தப் பிரிவின் அலுவலகமும் பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் அழிந்தன. கடலில் இருந்து பாடுபட்டு எடுத்த பொருள்களில் ஒரு பகுதியைக் கடலே திரும்ப எடுத்துக்கொண்டது.

எல்லாம் போயிற்று என்றுதான் தோன்றும். ஆனால், கற்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் மீண்டும் பிரிவை நிமிர்த்தினார்கள். சில ஆண்டுகளில் கொடவாய என்ற இடத்தில், சுமார் 2000 ஆண்டுகள் பழமையான கப்பல் சிதைவை வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார்கள். இந்தியப் பெருங்கடலில் இதுவரை கிடைத்த கப்பல்களில் மிகப் பழமையானது என்று கருதப்படுவது அது. கட்டடத்தை அலை அடித்துப் போகலாம், பழகிய கையை அடித்துப் போக முடியவில்லை.

உலகம் முழுவதும் வகுப்பறை

இந்தப் பயிற்சிக்கென்றே ஓர் உலக அமைப்பு உண்டு. 1956-இல் புதுடில்லியில் நடந்த யுனெஸ்கோ பொதுமாநாட்டில் அதற்கான முடிவு எடுக்கப்பட்டது. 1959-இல் ரோம் நகரில் அது செயல்படத் தொடங்கியது. இக்ரோம் என்பது அதன் பெயர். மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. அதன் முதல் இயக்குநர் ஹெரால்டு பிளெண்டர்லீத், பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வேதியியலாளர். நமக்கு இன்னும் பக்கத்தில், தாய்லாந்தின் சந்தபுரியில் 2009 முதல் ஆசிய நாட்டவர்களுக்காக நீரடிப் பாரம்பரியப் பயிற்சி வகுப்புகளை யுனெஸ்கோ நடத்தியது.

நீங்களே செய்து பாருங்கள்

தீபாவளிக்கு வாங்கும் புதிய அகல் விளக்குகள் இரண்டு எடுங்கள். ஒரு குவளை நீரில் நான்கு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, இரண்டையும் மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு ஒன்றை அப்படியே உலர்த்துங்கள். மற்றதை நல்ல நீரில் போட்டு, தினமும் நீரை மாற்றி, ஐந்து நாள் கழித்து உலர்த்துங்கள். முதல் அகலில் வெள்ளைப் பூச்சாக உப்பு பூத்திருக்கும். இரண்டாவதில் அது மிகக் குறைவாகவே இருக்கும். நீரை மாற்றும்போதெல்லாம் உள்ளிருக்கும் உப்பு, செறிவு குறைந்த வெளிநீருக்கு ஊடுபரவி வந்துவிடுகிறது. அருங்காட்சியகத்தில் ஜாடிகளுக்குச் செய்வதும் இதே சிகிச்சைதான், ஆனால் மாதக்கணக்கில்.

உப்பு போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்கலாம். கடைசியாக ஒருமுறை காய்ச்சி வடித்த நீரில் அகலை ஊறவையுங்கள். குழாய் நீரிலேயே சிறிது குளோரைடு இருப்பதால் அது இந்தச் சோதனைக்கு உதவாது. ஊறிய நீரில் நைட்ரிக் அமிலம் சில துளியும், பிறகு வெள்ளி நைட்ரேட் சில துளியும் விடுங்கள். வெள்ளை வீழ்படிவு வந்தால் குளோரைடு இன்னும் இருக்கிறது என்று பொருள். இன்னும் ஊற வேண்டும்!

ஜொகூர் கடற்கரை நீளமானது. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே போன கப்பல்கள் நம் தென்முனையைச் சுற்றித்தான் போயின. மணலுக்கடியில் இன்னும் என்னென்ன கிடக்கின்றனவோ! அடுத்த கப்பல் கிடைக்கும்போது, எடுத்த பொருளை எந்த நீரில் வைக்க வேண்டும், எப்போது உலர்த்த வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கரையில் காத்திருக்க வேண்டும். அவர் இன்று உங்கள் வகுப்பில், அகல் விளக்கில் பூத்த உப்பைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவராக இருக்கலாம்.