திரையைத் துடைப்பது எப்படி?

கரும்பலகையில் பழைய கணக்கை அழிக்காமல் அதன்மேலேயே புதிய கணக்கை எழுதினால் என்ன ஆகும்? இரண்டும் விளங்கா. கணிப்பொறித் திரையும் அத்தகையதே. படம் ஓடத் தொடங்குமுன் அதற்கென ஒதுக்கிய நினைவகப் பரப்பைத் துடைத்துக் கறுப்பாக்கிவிட வேண்டும். நுண்ணோக்கிப் படங்களைத் திரையில் ஓட்டிப் பார்ப்பது என் அன்றாட வேலை. முந்தைய மாதிரியின் எச்சம் புதிய படத்தில் ஒட்டிக்கொண்டால் அது பொய்ச்சான்று ஆகிவிடும். எனவே இவ்வேலையைச் சிறிதென்று நான் கருதுவதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உண்டு. புள்ளிக்கு 4 பைட்டு வீதம் ஏறத்தாழ 83 இலட்சம் பைட்டுகள். நொடிக்கு 60 முறை துடைத்தால் ஏறத்தாழ 50 கோடி! மையச் செயலியால் இது முடியாததன்று. ஆயினும் அது தறியில் அமர்ந்த நெசவாளியை எழுப்பி முற்றம் பெருக்கச் சொல்வது போன்றது. அன்றியும், கிராபிக்ஸ் செயலி அப்பரப்பில் வேலை செய்துகொண்டிருந்தால், அது முடியும்வரை மையச் செயலி கைகட்டிக் காத்திருக்க நேரும்.

ஆகவே துடைக்கும் பொறுப்பைக் கிராபிக்ஸ் செயலியிடமே விட்டுவிடுதல் நன்று. 1992இல் வெளிவந்த ஓப்பன்ஜிஎல்லில் இதற்கெனவே 'கிளியர்' என்னும் ஆணை உண்டு. பல செயலிகள் பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, 'இக்கட்டம் துடைக்கப்பட்டது' என்று குறிப்பு மட்டும் எழுதிக்கொள்ளும். புள்ளிகளைத் தொடுவதே இல்லை!

கைப்பேசிச் செயலிகள் பலவும் கட்டங் கட்டமாகவே படம் தீட்டுகின்றன. தொடக்கத்திலேயே முழுப் பரப்பையும் துடைக்கச் சொன்னால், பழைய படத்தை நினைவகத்திலிருந்து எடுத்துவரும் வேலை மிச்சம். அவ்வாறன்றிக் கறுப்புச் செவ்வகம் ஒன்றை மேலே வரைந்தால், பழையதைச் சுமந்து வந்து மூடுவதாகிவிடக்கூடும். மின்கலந்தான் வீணாகும்.

நிற்க. கறுப்பு என்றால் சுழியம் என்று எண்ணிவிடலாகாது. காணொளிப் பரப்புகள் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று சேமிப்பதில்லை. ஒளிர்வு ஒன்று, நிறக்கூறு இரண்டு என்று சேமிக்கின்றன. 1982இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுத் தொலைக்காட்சி விதிப்படி, 8 பிட்டு அளவில் ஒளிர்வு 16, நிறக்கூறுகள் ஒவ்வொன்றும் 128 என்பதே கறுப்பு. மூன்றிலும் 0 இட்டால் தோன்றுவது பச்சை! படம் தொடங்குமுன் சில வேளை பச்சை மின்னி மறைவதை நண்பர்கள் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் இதுவே அதன் காரணம்.

இன்னொன்று. திரைக்குப் பின்னால் இரண்டு மூன்று பரப்புகள் மாறி மாறி வரும். படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளை ஒன்றில் மட்டும் துடைத்தால் மற்றவற்றின் எச்சம் துடிதுடிக்கும். எல்லாவற்றையும் துடைக்க வேண்டும்.

இறுதியாக, துடையாத நினைவகத்தில் இருப்பது பிறருடைய படமாகவும் இருக்கலாம். அதனாலன்றோ 2011இல் வந்த வெப்ஜிஎல் விதி, புதிய பரப்பு எதனையும் சுழியமாக்கியே நிரலுக்குத் தரவேண்டும் என்கிறது. துடைப்பது அழகுக்காக மட்டுமன்று. பிறர் மறைவைக் காப்பதற்காகவுமாம்.